மடை உங்கள் கையில்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் பிரிகிறது. பழவூரில் பாளையங்கால்வாய் பிரிகிறது. கால்வாய் நீர் குளத்தில் தேங்கி, மடை வழியே வயலுக்குப் போகிறது. மிஞ்சியது மறுகால் பாய்ந்து விடுகிறது. இந்த ஏற்பாடு இல்லாமல் ஆற்று நீர் முழுவதும் ஒரே வயலில் புகுந்தால் பயிர் என்ன ஆகும் என்று நெல்லைச் சீமை மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செய்திகளும் இன்று ஆறு போலத்தான் வருகின்றன. நாளிதழ், வலைப்பதிவு, காணொளி, நண்பர்களின் பதிவுகள் எல்லாம் கைப்பேசி என்ற ஒரே வயலில் வந்து பாய்கின்றன. இவற்றுக்கும் கால்வாயும் மடையும் அமைக்க முடியுமா? முடியும். ஓடைவாசிப்புச் செயலி அந்த வேலையைத்தான் செய்கிறது. அது எப்படி என்று பார்ப்போமா?

செய்தியோடை என்பது என்ன?

பல இணையத்தளங்கள் தம் பக்கங்களோடு ஒரு சிறிய பட்டியலையும் வெளியிடுகின்றன. அதில் படமோ அலங்காரமோ அவசியமில்லை. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, சுருக்கம், முழுச் செய்திக்கான இணைப்பு, வெளியான நாளும் நேரமும், ஓர் அடையாளக் குறி ஆகியவை பொதுவாக இருக்கும். இப்பட்டியலுக்கு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று பெயர். தமிழில் செய்தியோடை என்கிறோம். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது, அல்லவா?

இந்தப் பட்டியலை எழுதுவதற்கான ஆர்.எஸ்.எஸ். என்ற வடிவத்தை நெட்ஸ்கேப் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. அதன் அடுத்த பதிப்புகளில் ஒன்று 2000இல் வந்தது. அதை உருவாக்கிய குழுவில் இருந்த ஆரன் சுவார்ட்ஸுக்கு அப்போது வயது 14. உங்களில் பலருடைய வயதுதான்!

செயலி என்ன செய்கிறது? நீங்கள் குறித்துத் தந்த தளங்களைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் தட்டி, "புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்கிறது. ஒன்றும் இல்லை என்றால் பல தளங்கள் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்பும். 'மாற்றம் இல்லை' என்பது அதன் பொருள். புதிது இருந்தால் பட்டியல் முழுவதும் வரும். செயலி அடையாளக் குறிகளை ஒப்பிட்டு, ஏற்கெனவே வந்ததைத் தள்ளிவிட்டுப் புதியதை மட்டும் காட்டும். பத்துக் குழுக்களில் ஒரே செய்தி பத்து முறை வரும் தொல்லை இங்கே பெரும்பாலும் இல்லை.

மடையைத் திறப்பது யார்?

பெரிய சமூக ஊடகங்கள் வேறு வகையில் இயங்குகின்றன. நீங்கள் எதை நின்று பார்த்தீர்கள், எதை விரும்பினீர்கள் என்று ஒரு நிரல் கணக்கிட்டு, அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிறது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016இல் நேர வரிசையை விட்டு இத்தகைய தர வரிசைக்கு மாறத் தொடங்கின. நேற்றைய பதிவு முதலிலும் இன்றைய பதிவு கடைசியிலும் வரலாம். கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் வெள்ளம் வரும்போது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள்.

இத்தகைய ஒரு நாளில், "அணையை நான்கு மணிக்குத் திறந்துவிட்டார்கள், கரையோரம் இருப்பவர்கள் கிளம்புங்கள்" என்று ஒரு செய்தி உங்களுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். தேதி இல்லை. அனுப்பியவர் யார் என்றும் தெரியாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். வெள்ளத்தின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 7.2 கிலோமீட்டர். அணைக்குக் கீழே 36 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு வர 5 மணி நேரம் ஆகும். இன்று மாலை 4 மணிக்குத் திறந்திருந்தால் வெள்ளம் இரவு 9 மணிக்கு வரும். தாத்தா பாட்டியையும் ஆடு மாடுகளையும் மேட்டுக்குக் கொண்டுசெல்ல நேரம் இருக்கிறது. அதிகாலை 4 மணிக்குத் திறந்திருந்தால்? வெள்ளம் காலை 9 மணிக்கே வந்திருக்கும். வாசகம் ஒன்றுதான், பொருள் தலைகீழாக மாறிவிட்டது. உண்மையான ஆற்றில் வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் நேரம் தெரியாத எச்சரிக்கையை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

இதற்காகவே எச்சரிக்கைகளை எழுதுவதற்கென்று ஓர் உலகப் பொது வடிவம் உண்டு. என்ன ஆபத்து, எந்தப் பகுதிக்கு, எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, எத்தனை மணி வரை செல்லும் என்ற விவரங்களை அதில் தனித்தனியாகக் குறிக்கலாம். மருந்துச் சீசாவில் காலாவதி தேதி இருப்பது போல எச்சரிக்கைக்கும் காலாவதி நேரம்! தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்சேத்' தளம் இந்த முறையைப் பின்பற்றி, எச்சரிக்கைகளைச் செய்தியோடையாகவும் தருகிறது.

மூன்று கால்வாய்கள்

ஓடைகளைப் பிரிக்க எளிய முறை இது. செயலியில் மூன்று அடைவுகள் அமையுங்கள்.

முதலாவது 'உடனே'. எச்சரிக்கை தரும் அரசு நிறுவனங்கள் மட்டும் இதில் இருக்கட்டும். இரண்டு மூன்று ஓடைகளுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது 'தினமும்'. ஒரு நாளிதழ், ஓர் அறிவியல் தளம் போன்றவை. மாலையில் ஒருமுறை திறந்தால் போதும்.

மூன்றாவது 'ஓய்வில்'. பறவைகள், சதுரங்கம், கதை என்று உங்களுக்குப் பிடித்தவை. யூடியூப் அலைவரிசைகளுக்கும் மாஸ்டடான் கணக்குகளுக்கும் செய்தியோடை உண்டு. அவற்றை இங்கே சேர்க்கலாம். எல்லாச் சமூக ஊடகமும் இதற்கு இடம் தருவதில்லை. ட்விட்டர் தன் ஓடைகளை 2013இல் மூடிவிட்டது.

ஆசைப்பட்டு நாற்பது ஓடைகளைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஓடைக்குப் பத்துச் செய்தி என்றால் நாளுக்கு 400. தலைப்பைப் படிக்க 5 வினாடி என்றால் 2,000 வினாடி, அதாவது அரை மணிக்குச் சற்று அதிகம். ஒவ்வொன்றையும் 3 நிமிடம் படித்தால் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம்! தூக்கம், பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாவற்றையும் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியதுதான். ஆகவே மறுகால் தேவை. ஒரு வாரத்துக்கு மேல் படிக்காமல் கிடப்பதைத் தானே நீக்கும்படி பல செயலிகளில் அமைக்கலாம். நிரம்பிய குளத்தின் நீர் மறுகால் பாய்ந்தால்தான் கரை நிற்கும்.

இரண்டு எல்லைகள்

ஓடை உண்மைக்கு உத்தரவாதம் அல்ல. பொய் சொல்லும் தளத்தின் ஓடையிலும் பொய்தான் வரும். ஆனால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பவை கண்ணுக்குத் தெரிவதால் விசாரிக்க வழி உண்டு.

செயலி மணிக்கு ஒருமுறை கேட்பதானால் எச்சரிக்கை ஒரு மணி நேரம் வரை தாமதமாகலாம். 2023 வெள்ளத்தில் பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. ஆகவே அவசர நேரத்தில் அரசின் குறுஞ்செய்தியையும், பேட்டரியில் இயங்கும் வானொலியையும், தெருவில் வரும் ஒலிபெருக்கியையும் அலட்சியம் செய்யக் கூடாது.

இந்த வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டாரின் அனுமதியோடு, அவர்களுடைய குழுக்களுக்கு வரும் 20 செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையில் முதலில் சொன்னவர் பெயர் இருக்கிறது? எத்தனையில் நிகழ்ந்த நேரம் இருக்கிறது? ஒரு தாளில் இரண்டு பத்திகளாகக் குறித்து வகுப்பில் ஒப்பிடுங்கள். இரண்டும் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் விசாரிப்பது என்று வகுப்பாகச் சேர்ந்து முடிவெடுத்தால், அடுத்த மழைக்காலத்தில் உங்கள் ஊருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.