பலகையில் எழுதிய ஒப்பந்தம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள நகரம் செம்ஸ்போர்டு. அங்குள்ள பெருவணிக வளாகம் ஒன்றில் 2013 ஏப்ரல் 15 அன்று பாரி பீவிஸ் என்பவர் தம் மகிழுந்தை நிறுத்தினார். அவ்வளாகத்தில் இரண்டு மணி நேரம் வரை கட்டணமின்றி வண்டியை நிறுத்தலாம். அவர் வண்டியை எடுத்துச் சென்றபோது அந்த வரம்பைக் கடந்து மேலும் 56 நிமிடங்கள் ஆகியிருந்தன. பின்னர் அவருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. 85 பவுண்டு செலுத்த வேண்டும். 14 நாள்களுக்குள் செலுத்தினால் 50 பவுண்டு போதும் என்றது அது. அவர் செலுத்த மறுத்தார். அம்மறுப்பு நீதிமன்றம் நீதிமன்றமாக மேலேறி, 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன் வந்து நின்றது.

கடைக்குச் சென்று திரும்பியவருக்கு இவ்வாறு வரும் அறிவிப்பு, பார்வைக்கு அரசின் தண்ட அறிவிப்பைப் போலவே இருக்கும். வண்டியின் ஒளிப்படம், வழக்கு எண், கெடு நாள் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். குழப்பத்தைக் கூட்டுவது பெயர். உள்ளாட்சி மன்றம் விதிக்கும் தண்டத்திற்கும் தனியார் நிறுவனம் கோரும் கட்டணத்திற்கும் அங்கே ஒரே பெயர்ச்சுருக்கம்தான் வழங்குகிறது: பி.சி.என். முன்னதில் ‘பி’ என்பது ‘பெனால்ட்டி’, பின்னதில் ‘பார்க்கிங்’. முன்னதற்குச் சட்டம் நேரடியாக அதிகாரம் அளிக்கிறது. பின்னதோ, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர் எனக் கூறி ஒரு தரப்பார் மற்றொரு தரப்பாரிடம் கேட்கும் பணம். இவ்வேறுபாட்டை அறியாமல், காவல்துறையே அனுப்பிய கடிதம் என்று அஞ்சிப் பணம் கட்டுவோர் உண்டு.

எவரும் கையொப்பமிடாத ஓர் ஒப்பந்தம் எவ்வாறு உருவாகிறது? நுழைவாயிலில் நிற்கும் பலகையே இங்கு முன்மொழிவு. ‘இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு வண்டியை நிறுத்தலாம்’ என்று அது கூறுகிறது. அதைப் படிக்க வாய்ப்புப் பெற்ற பின்னும் ஒருவர் வண்டியை அங்கே நிறுத்தினால், அச்செயலே ஏற்பு. உண்மையில் படித்தாரா என்பதைவிட, படிக்கத்தக்க முறையில் பலகை இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி.

இலண்டனின் ஷூ லேன் பகுதியில் இருந்த பல அடுக்கு நிறுத்துமிடத்தில் 1964இல் நிகழ்ந்த விபத்து ஒன்று இதனை நன்கு விளக்கும். இசைக்கலைஞர் ஒருவர் வண்டியுடன் நுழைவாயிலை அடைந்தார். தானியங்கி இயந்திரம் ஒரு சீட்டை நீட்டியது, விளக்கு பச்சையாயிற்று, அவர் உள்ளே சென்றார். உள்ளே வைக்கப்பட்டுள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்னும் குறிப்புச் சீட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. அந்நிபந்தனைகளுள் ஒன்று, உடற்காயத்திற்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பதாகும். வண்டியை எடுக்கத் திரும்பி வந்தபோது அவர் விபத்தில் காயமடைந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. சீட்டு வெளிவரும் கணத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தெரியவரும் நிபந்தனை அதனுள் புக இயலாது என்பது டென்னிங் பிரபு கூறிய காரணம். மனிதரிடமாவது பேரம் பேசலாம். இயந்திரத்திடம் என்ன பேசுவது?

பீவிஸ் வழக்கில் இந்த வாதத்திற்கு இடமில்லை. செம்ஸ்போர்டு வளாகத்தில் ஏறத்தாழ 20 பலகைகள் பெரிய எழுத்தில் நின்றிருந்தன. எனவே அவர் தரப்பு வேறொரு வாதத்தை முன்வைத்தது. ஒப்பந்த மீறலுக்கு உரியது இழப்பீடே. அச்சுறுத்துவதற்காக விதிக்கும் தண்டத்தொகை செல்லாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. 1915இல் டன்லப் டயர் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, முன்கூட்டிக் குறித்த தொகை இழப்பின் நேர்மையான மதிப்பீடாக இருத்தல் வேண்டும். வண்டி 56 நிமிடங்கள் கூடுதலாக நின்றதால் நிறுத்துமிடத்தை நடத்திய நிறுவனத்துக்கு என்ன இழப்பு? எதுவுமில்லை. அந்நிறுவனம் நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்டு செலுத்தி அவ்வுரிமையைப் பெற்றிருந்தது. வாடிக்கையாளர் யாவரும் நேரம் தவறாமல் வெளியேறினால் அதற்கு வருமானமே இராது!

வலுவான வாதந்தான். ஆயினும் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நூறாண்டுக் கால அளவுகோலையே அது திருத்தி அமைத்தது. இழப்பு இல்லாவிடினும், விதியை நிலைநாட்டுவதில் நியாயமான நலன் இருக்கலாம். அந்நலனோடு சிறிதும் பொருந்தாத அளவுக்குத் தொகை மிகுந்தால் மட்டுமே அது தண்டமாகும் என்றது. இடம் விரைவில் காலியாகி அடுத்த வாடிக்கையாளருக்குக் கிடைப்பது கடைக்காரர்களின் நலன். அதற்கு 85 பவுண்டு மிகையன்று என்பது அறுவரின் முடிவு. டுல்சன் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். சில நிமிடங்கள் தாமதித்தவரும் முழுத் தொகையைச் செலுத்த வேண்டியிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, இவ்விடத்தில் வேறு வழியில் செல்கிறது. அதன் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பே. அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

இத்தீர்ப்புக்குப் பின் ‘தொகை மிகுதி’ என்னும் ஒற்றை வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ஆனால் மறுப்பதற்கான வேறு வழிகள் அடைபடவில்லை. பலகை மரக்கிளையில் மறைந்திருந்ததா, இரவில் வெளிச்சம் இருந்ததா என்பன இன்றும் வலுவுள்ள கேள்விகள். ஒளிப்படக்கருவி பதிவு செய்வது வண்டி உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையுமே; நிறுத்தியிருந்த நேரத்தை அன்று. வெளியேறும் வரிசையில் காத்திருந்த நேரமும் அதில் சேர்ந்துவிடும். ஒரே நாளில் இருமுறை வந்து சென்றவரின் இடைப்பயணத்தைக் கருவி தவறவிட்டு, முழுநாளும் நின்றதாகக் காட்டுவதும் உண்டு. வேறிடத்தில் அந்நேரத்தில் பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்றே அதனை முறியடிக்கப் போதும்.

காலக்கெடு நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டி வைக்கும் வழக்கத்தைத் தடை செய்தது. அதற்கு ஈடாக, ஓட்டியவர் யாரெனத் தெரியாதபோது பதிவு உரிமையாளரிடமே பணம் கோர வழிவகுத்தது. கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டப்படாத நிலையில், 14 நாள்களுக்குள் கடிதம் அவரைச் சேர வேண்டும். தவறினால் அவரைப் பொறுப்பாக்க இயலாது. ஓட்டியவரையே தேட வேண்டும். ஓட்டியவர் யாரென்று தனியார் நிறுவனத்திடம் தெரிவிக்க அவர் சட்டப்படி கடமைப்பட்டவரும் அல்லர். ஆகவே முறையீட்டில் ‘நான் நிறுத்தினேன்’ என எழுதுவதற்கும் ‘வண்டி நிறுத்தப்பட்டது’ என எழுதுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் இலக்கணப் பாகுபாடு இங்கே பணமதிப்புப் பெறுகிறது.

முறையீடு முதலில் நிறுவனத்துக்கே செல்லும். அது தள்ளினால், தொழில்சார் சங்கங்கள் அமைத்துள்ள முறையீட்டு அமைப்புகளை நாடலாம். அவற்றுள் ஒன்றான ‘பாப்லா’ வண்டிக்காரரிடம் கட்டணம் பெறுவதில்லை. அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், வண்டிக்காரரைக் கட்டுப்படுத்தாது. இவற்றுக்கெல்லாம் முன்பே, பற்றுச்சீட்டுடன் கடையின் மேலாளரைச் சந்திப்போரும் உளர். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கடை, கோரிக்கையைக் கைவிடுமாறு நிறுவனத்திடம் கூறுவது உண்டு.

கடிதங்களைப் பிரிக்காமலே ஒதுக்கி வைப்பதுதான் இடர்மிக்கது. கடன் வசூல் முகமைகளின் சிவப்பெழுத்து மடல்களுக்கு வீட்டினுள் நுழையும் அதிகாரம் இல்லை. நீதிமன்றத்தின் உரிமைக்கோரல் படிவம் அத்தகையது அன்று. அதற்குக் குறித்த நாளில் மறுமொழி தராவிடில், எதிர்வாதம் கேளாமலே தீர்ப்பு வழங்கப்படலாம். தீர்ப்பளித்த ஒரு மாதத்திற்குள் பணம் செலுத்தாதவரின் பெயர் ஆறாண்டுகள் பதிவேட்டில் நிற்கும். பின்னர் அவர் வீட்டுக்கடன் கேட்டுச் செல்லும்போது, வங்கி அந்தப் பதிவேட்டையும் பார்க்கும்.