கிரேயான் பிடித்தால் மனசு பேசுமாமே… தெரியுமா?

காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி எங்கே நெய்யப்படுகிறது தெரியுமா? நம்ம ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், சத்திரப்பட்டியில்! அங்கே விசைத்தறிகள் தடதடவென்று நெய்து தள்ளும் வெள்ளைத் துணி எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேருகிறது. உடம்புக் காயத்துக்குக் கட்டு ரெடி. மனசுக் காயத்துக்கு? அதற்குக் கட்டுப் போடும் சாமான் நம் பிள்ளைகளின் ஸ்கூல் பையிலேயே கிடக்கிறது: கிரேயான், ஸ்கெட்ச் பேனா, சார்ட் பேப்பர்! கவுன்சலிங் அறைக்குள் இவற்றை வைத்துச் செய்யும் வேலைக்கு ஆர்ட் தெரபி, அதாவது ஓவியச் சிகிச்சை என்று பெயர். அதற்குள் எத்தனை ஆச்சரியங்கள்! வாங்க, ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

பெயர் வைத்தவரே ஒரு நோயாளி, தெரியுமா?

ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியருக்கு 1938-இல் காசநோய். அந்த நோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத காலம் அது! சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். மனுஷர் சும்மா கிடந்தாரா? கட்டிலில் இருந்தபடியே, கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். தனக்குத் தெம்பு வந்ததும் பக்கத்துக் கட்டில்காரர்களையும், போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களையும் வரைய வைத்தார். ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரை 1942-இல் சூட்டியவர் இவர்தான். டாக்டர் வைக்காத பெயர், நோயாளி வைத்த பெயர்!

அதிர்ச்சியில் பேச்சு ஏன் நின்றுபோகிறது, தெரியுமா?

நம் மூளையின் இடப்பக்கத்தில் பேச்சை உருவாக்கும் ‘ப்ரோக்கா’ என்ற பகுதி இருக்கிறது. பெரிய கொடுமையை அனுபவித்தவர்களிடம் அந்த நினைவைக் கிளறிவிட்டு, 1996-இல் அமெரிக்காவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ப்ரோக்கா பகுதிக்கு ரத்த ஓட்டமே குறைந்திருந்தது! “என்ன நடந்துச்சு, வாயைத் திறந்து சொல்லு” என்று நாம் உலுக்கி உலுக்கிக் கேட்கிறோமே, அந்த நேரத்தில் சொல்ல வார்த்தையே கிடைக்காமல் போகலாம். வாய்வழி அடைபட்டால் கைவழி இருக்கிறது என்பதுதான் ஓவியச் சிகிச்சையின் அடிப்படை. முதலில் படம், பேச்சு அப்புறம்.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டம், தெரியுமா?

கடல் தாண்டி இலங்கையின் மட்டக்களப்புக்குப் போவோம். வருஷம் 1996. உள்நாட்டுப் போரின் குண்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு தோட்டம் திறக்கிறது! பெயர், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. தொடங்கியவர்கள் இருவர்: கனடாவிலிருந்து வந்த கலைஞர் பால் ஹோகன்; உளவியல் படித்த இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகம். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, வீடு எரிவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, ராத்திரியில் அலறி எழும் பிள்ளை… தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் சேர்த்தே அழைத்து வந்தார்கள்! ஒருவரையொருவர் பார்த்துப் பயந்த ஊர்களின் பிள்ளைகள் ஒரே களிமண்ணைப் பிசைந்தார்கள், ஒரே கதைக்கு முகமூடி செய்தார்கள், சேர்ந்து நாடகம் போட்டார்கள்.

இதில் பெரிய ஆச்சரியம் என்ன தெரியுமா? “உனக்கு என்ன கொடுமை நடந்தது, அதை வரை” என்று யாரும் வற்புறுத்தவில்லை. மரம், செடி, மிருகம், பாட்டு, வண்ணம் எல்லாம் தயார். எப்போது, எதை, எப்படிச் சொல்வது என்பது பிள்ளையின் இஷ்டம். கூட இருந்து நடத்தியவர்களும் வெளிநாட்டு நிபுணர் பட்டாளமில்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள்! 2004 சுனாமி அதே கரையை அடித்தபோதும் இந்த அனுபவம் அந்த ஊரில் இருந்தது.

இரண்டு சூட்கேஸில் 4,500 படங்கள், தெரியுமா?

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற யூத ஓவியரை நாஜிகள் டெரெசின் முகாமில் அடைத்தார்கள். பசியும் நோயும் தின்ற அந்த முகாமில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார் அந்த அம்மா! 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். ஆனால், சுமார் 4,500 படங்கள் இரண்டு சூட்கேஸ்களில் பத்திரமாக ஒளிந்திருந்தன. இன்று அவை பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரிடம் முன்பே படித்த ஈடித் கிராமர், பின்னாளில் அமெரிக்காவில் ஓவியச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார்!

“எனக்கு வரையவே வராது” என்பவருக்கும் பலிக்கும், தெரியுமா?

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிஷம் உட்கார வைத்து, களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டும் காகிதம் கொடுத்து, இஷ்டம்போல் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சில் எடுத்துச் சோதித்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் சுரப்பு ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு இறங்கியிருந்தது! முன்பே ஓவியம் பழகியவர்களா என்பதால் பெரிய வித்தியாசம் ஏதும் இல்லை. 2016-இல் வெளிவந்த சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும், “கோடுகூட நேராக வராது” என்று ஒதுங்குகிறவர்களுக்கு இது நல்ல சேதி!

கட்டம் போட்ட துணிக்கும் நிம்மதிக்கும் சம்பந்தம், தெரியுமா?

2005-இல் வந்த இன்னொரு ஆய்வு. கல்லூரி மாணவர்கள் 84 பேரை முதலில் பதற்றப்பட வைத்தார்கள். பிறகு சிலருக்கு வட்டமான மண்டலக் கோலம், சிலருக்குத் துணியில் இருப்பதுபோல் குறுக்கும் நெடுக்குமான கட்டம், சிலருக்கு வெறும் தாள். வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்டத்துக்கும் கட்டத்துக்கும் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெறும் தாளுக்கு அந்த அளவு இல்லை! பதறும் கைக்கு ஒரு வரம்பு கிடைத்தால் பிடிமானம் போலும்.

அப்படியானால் நம்ம மார்கழிக் கோலம்? சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே புள்ளிக் கோலத்தைக் கணினி இலக்கணமாக்கி உலகத்துக்குக் காட்டினார்கள். கோலத்தின் கணக்கைப் பார்த்தாயிற்று. அதைப் போடுகிறவரின் மனசை யார் அளப்பது? கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிகளில் கோலம் போடும் கைகளுக்குப் பஞ்சமில்லை. மாணவர்களே, தலைப்பு காத்துக்கிடக்கிறது!

கவுன்சலிங் அறையில் என்னதான் நடக்கும், தெரியுமா?

பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் வின்னிகாட், தாளில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் போடுவார். பிள்ளை அதை எதுவாக வேண்டுமானாலும் மாற்றலாம். அடுத்து பிள்ளையின் கிறுக்கல், டாக்டரின் முறை! விளையாட்டு முடிவதற்குள் வாய்ப்பூட்டு திறந்துவிடும். “ஒரு பாலம் வரையுங்கள், அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?” என்பது இன்னொரு பயிற்சி. “மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் ஆளை வரையுங்கள்” என்பதும் உண்டு. நம்மூர் என்றால் சப்பட்டை மாம்பழம்!

சாமானிலும் சூட்சுமம்! பென்சில் நம் பேச்சைக் கேட்கும். வாட்டர் கலர் கேட்காது, தன் போக்கில் ஓடும். ஏற்கெனவே கட்டுமீறித் தவிப்பவரிடம் எடுத்த எடுப்பில் வாட்டர் கலரைக் கொடுத்துவிட மாட்டார்கள்.

கறுப்பு அடித்தால் சோகம் என்பது சுத்தப் புருடா, தெரியுமா?

“சூரியனைக் கறுப்பாப் போட்டிருக்கான், ஏதோ பிரச்சினை!” என்று வாட்ஸ்அப்பில் வருமே, நம்பாதீர்கள். மஞ்சள் கிரேயான் தொலைந்துபோயிருக்கலாம்! ஒற்றைப் படத்தை வைத்துக் கைரேகை பார்ப்பதுபோல் பலன் சொல்வது சிகிச்சை ஆகாது. இந்தப் படத்துக்கு அர்த்தம் என்ன என்று வரைந்தவர்தான் சொல்ல வேண்டும், ஆலோசகர் கேட்டுக்கொள்வார். அந்தப் படமும் மெடிக்கல் ரெக்கார்டு மாதிரி ரகசியம்! அனுமதியில்லாமல் சுவரில் ஒட்டக்கூடாது, யாருக்கும் காட்டக்கூடாது.

ஆண்டாள் கையிலிருக்கும் கிளியின் ஆயுசு, தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலிருக்கும் பச்சைக்கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள்! மரவள்ளி இலை, மாதுளம்பூ மூக்கு, வாழைநார்… மணிக்கணக்கில் பின்னிய கிளிக்கு ஒரே நாள் வாழ்வு. மறுநாள் வேறு கிளி. இது பக்தி, சிகிச்சையில்லை. ஆனால், செய்து முடித்த பொருளைவிடச் செய்யும் நேரம் பெரிது என்பதை ஓவியச் சிகிச்சைக்காரர்கள் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை!

சொந்த வீட்டையே கலைக்குக் கொடுத்த முதல்வர், தெரியுமா?

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட நம்ம பூ.ச. குமாரசாமி ராஜாதான்! ராஜபாளையத்தில் அவர் கொடுத்த வீடுதான் காந்தி கலைமன்றம் ஆனது. கலைக்கு இடம் ஒதுக்குவது இந்த ஊருக்குப் புதுசே இல்லை; ஓவியச் சிகிச்சைக்கும் ஓர் அறை ஒதுக்கலாமே!

ஒரு எச்சரிக்கை: கலரிங் புத்தகம் வாங்கித் தீட்டினால் மனசு லேசாகும், சந்தோஷம். ஆனால், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் கிரேயான் மட்டும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு உடனே போன் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி வீட்டில் இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை படம் வரைந்து கொண்டுவந்து நீட்டினால் “சூப்பர்!” என்று சொல்லிவிட்டு மறுபடி செல்போனுக்குள் போய்விடாதீர்கள். “இதுல என்ன நடக்குது, சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நடுவில் குறுக்கிடாமல் இருங்கள்!