இருட்டறையில் தோன்றிய வாள்!

சுவிட்சர்லாந்து நாட்டில் ஓர் இருட்டறை. நீண்ட அங்கி அணிந்த ஆண்களும் பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

திடீரென்று ஒளி வீசுகிறது. அந்தரத்தில் ஒரு வாள் தோன்றுகிறது! மேலுலகக் குருமார்களின் உருவமும் தெரிகிறது.

"சூரியக் கோயில்" என்ற மர்ம சங்கத்தின் சடங்கு இது.

பழைய பெயர், புதிய சங்கம்

சிலுவைப் போர்க் காலத்தில் ஜெருசலேமில் "டெம்ப்ளர்கள்" என்ற வீரத் துறவிகள் இருந்தார்கள். 1307-ல் பிரெஞ்சு மன்னர் அவர்களைச் சிறை பிடித்தார். 1312-ல் போப்பாண்டவர் அந்தச் சபையைக் கலைத்தார்.

ஆனால், "நாங்களே அவர்களின் வாரிசு" என்று சொல்லிக்கொண்டு பிற்காலத்தில் பல சங்கங்கள் முளைத்தன.

அவற்றில் ஒன்றின் தலைவர் ஜூலியன் ஒரிகா 1983-ல் இறந்தார். அந்த இடத்துக்கு லூக் ஜூரே என்ற ஹோமியோபதி டாக்டர் வந்தார். உடனே சண்டை மூண்டது. ஜூரே பிரிந்து போனார். 1984-ல் ஜோசப் தி மாம்ப்ரோவுடன் சேர்ந்து "சூரியக் கோயில்" சங்கத்தைத் தொடங்கினார்.

ஜூரே மேடைப் பேச்சில் கெட்டிக்காரர். மாம்ப்ரோ திரைமறைவில் இருந்து ஆட்டி வைத்தவர். முன்பே மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர்!

"உலகம் அழியப் போகிறது. நாம் மட்டும் சிரியஸ் நட்சத்திரத்துக்குப் போய்விடலாம்" என்றார்கள். படித்தவர்களும் பணக்காரர்களும் நம்பினார்கள். சொத்தை அள்ளிக் கொடுத்தார்கள். பிரான்சிலும் கனடாவிலும் கிளைகள் பரவின.

வெளுத்தது சாயம்

சடங்குகளில் கருவிகளை இயக்கிய ஆள் ஒருநாள் விலகினார். "வாளும் குருமார்களும் மின்சார விளக்கு செய்த வித்தை" என்று சொல்லிவிட்டார். மாம்ப்ரோவின் மகனே சங்கத்தை விட்டுப் போனார்.

பலர் பிரிந்தார்கள். "எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்டார்கள். 1993-ல் சட்டவிரோதத் துப்பாக்கி வழக்கில் ஜூரே கனடா கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கூடாரம் காலியாகும் நேரத்தில் தலைவர்கள் கொடிய முடிவு எடுத்தார்கள்.

1994 செப்டம்பர் கடைசியில், உண்மையைச் சொன்ன அந்த மனிதர் கனடாவில் கொல்லப்பட்டார். மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும்கூட விடவில்லை!

சில நாளில் வீடுகள் பற்றி எரிந்தன. கனடாவில் 5 உடல்கள். சுவிட்சர்லாந்தில் ஷெய்ரி கிராமத்தில் 23, சால்வான் கிராமத்தில் 25. ஜூரேயும் மாம்ப்ரோவும் அவர்களில் இருந்தனர்.

எல்லாரும் தாமாகச் சாகவில்லை. பலர் சுடப்பட்டிருந்தார்கள்.

அதோடும் ஓயவில்லை. 1995-ல் பிரான்சில் 16 பேர், 1997-ல் கனடாவில் 5 பேர் மாண்டார்கள். மொத்தம் 74 உயிர்கள்!

1997-ல் இறந்தவர்களின் மூன்று பிள்ளைகள் மட்டும் தப்பினார்கள். "நாங்கள் சாக மாட்டோம்" என்று பெற்றோரிடம் சொன்ன பிள்ளைகள் அவர்கள்.

தலைவர்கள் போன பின்னும் பெரியவர்கள் விடாத நம்பிக்கை அது. அதை மறுத்துச் சொல்லும் துணிவு அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது.