ஐப்பசி மழையில் ஏரி மீன் ஏன் மேலே வருகிறது?

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் மூடிக்கொண்டு பெய்தால், தாம்பரம் பகுதியின் சேலையூர், செம்பாக்கம் போன்ற சாக்கடை கலந்த ஏரிகளில் விடியற்காலையில் கெண்டைகள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். தூண்டில்காரருக்கு அது நல்ல வேட்டையாகத் தோன்றும். உண்மையில் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் தருகின்றன. மேகம் மூடினால் அது குறையும். இரவில் பாசிகளும் அதையே சுவாசிப்பதால் விடியலில் இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். குளிர்ந்த மழைநீர் கனம் கூடியது. அது கீழிறங்கி, அடியில் தேங்கிய ஆக்சிஜனற்ற நீரையும் சேற்றையும் மேலே கிளப்புகிறது. வெள்ளத்தோடு வரும் கழிவுநீரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் தீர்த்துவிடுகின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை பிழைப்பது கடினம்.

விரால் தப்பிவிடும். செவுளுக்கு மேலுள்ள அறையில் காற்றை நேரடியாக இழுத்துச் சுவாசிக்கும் மீன் அது. இந்தியாவில் வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இந்தத் திறன் உண்டு. கழிவுநீர் ஏரிகளில் நம் மீன்கள் மடிய அது மட்டும் பெருகுவது எனக்குப் பெரும் கவலை.

செத்து மிதக்கும் மீனைச் சமைக்காதீர்கள். உடனே தாம்பரம் மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள்.