பெரிய சக்கரமா, சின்னச் சக்கரமா?
காருக்கு 'அலாய் வீல்' மாட்டும் முன் ஒரு கணக்கு

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. காருக்கும் அது பொருந்தும். என்ஜின் எத்தனை நல்லதாக இருந்தாலும், சாலையைத் தொட்டுக்கொண்டு ஓடுவது நான்கு டயர்கள்தான். ஒரு டயர் தரையில் படுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. மொத்தக் குடும்பமும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் பயணம் செய்கிறது!

மைசூருக்கும் டயருக்கும் நெருங்கிய உறவு உண்டு. மேட்டகள்ளியில் இருக்கும் விக்ராந்த் டயர் தொழிற்சாலையை அறியாதவர் யார்? அது 1997-ல் ஜே.கே. டயர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. டயர் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, டயரைப் பற்றி நாலு விஷயம் தெரியாமல் இருக்கலாமா?

நம்மவர்கள் சீட்டுப் பணத்திலும் போனசிலும் மிச்சம் பிடித்து ஒரு கார் வாங்குகிறார்கள். சுவிஃப்ட் போன்ற துடுக்கான சின்னக் கார் என்றால் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஆசை. வாங்கிய கையோடு அடுத்த ஆசையும் வந்துவிடுகிறது: "அப்பா, 16 அங்குல அலாய் வீல் மாட்டலாம்!" மாட்டலாமா?

எண்களைப் படியுங்கள்

டயரின் பக்கத்தில் 165/80 ஆர் 14 என்று எழுதியிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசியில் உள்ள 14 தான் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

2018-ல் வந்த சுவிஃப்டில் கீழ்த்தர மாடலுக்கு இந்த அளவு. மேல்தர மாடலுக்கு 185/65 ஆர் 15. கணக்குப் போட்டால் முதல் டயரின் வெளி விட்டம் சுமார் 620 மில்லி மீட்டர். இரண்டாவது சுமார் 622. வித்தியாசம் வெறும் 2 மில்லி மீட்டர்!

ஆக, ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் வெளிவட்டம் மாறவில்லை. மாறியது ரப்பர்தான். பக்கச் சுவர் 132 மில்லி மீட்டரிலிருந்து 120 ஆகக் குறைந்துவிட்டது. 195/55 ஆர் 16 போட்டால் அது 107 ஆகிவிடும். பெரிய சக்கரம் என்பதற்கு உண்மையான அர்த்தம், இரும்போ அலுமினியமோ கூடுகிறது, ரப்பரும் காற்றும் குறைகிறது என்பதே.

லாபம் என்ன?

லாபமே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கச் சுவர் குட்டையானால் வளைவில் டயர் நெளிவது குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி திரும்பும். அகலமான நல்ல டயர் காய்ந்த சாலையில் கூடுதலாகப் பிடிக்கும். 2023-ல் திறந்த பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையில் இது சுகமாகத்தான் இருக்கும்.

நஷ்டம் என்ன?

விரைவுச் சாலையை விட்டு இறங்கினால் கதை வேறு. குழியில் விழும்போது அடியைத் தாங்குவது பக்கச் சுவர்தான். அது குட்டையானால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் நெளியும். டயர் பக்கவாட்டில் புடைக்கும். புடைத்த டயருக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் இல்லை. தூக்கித்தான் போட வேண்டும். பெரிய அளவு டயருக்கு விலையும் அதிகம். சக்கரத்தின் எடை கூடினால் பிக்கப் குறையும், பெட்ரோல் கூடும், பின் சீட்டில் இருக்கும் பாட்டிக்கு இடுப்பு வலிக்கும்!

சின்னச் சக்கரம் கேவலம் இல்லை

1959-ல் இங்கிலாந்தில் மினி கார் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதன் சக்கரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 10 அங்குலம்! அந்தச் சக்கரத்தோடுதான் மினி கூப்பர், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் நடந்த மான்டி கார்லோ போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்றது.

பிறகு 1984-ல் மினிக்கு 12 அங்குலச் சக்கரம் கொடுத்தார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. உள்ளே பெரிய பிரேக் டிஸ்க் வைக்க இடம் கிடைத்தது. வைத்தார்கள்.

நம் நாட்டிலும் 1983-ல் வந்த மாருதி 800-க்கு 12 அங்குலச் சக்கரம்தான். அது ஏறாத ஊட்டி மலையா?

திம்பத்தில் யோசியுங்கள்

மினி கதையில் ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனி சக்கரத்தைப் பெரிதாக்கியபோது பிரேக்கையும் பெரிதாக்கியது. கடையில் நாம் மாட்டும்போது ரிம் மட்டும்தான் பெரிதாகிறது. பிரேக் அதே பழைய பிரேக்!

பொங்கலுக்குச் சாம்ராஜ்நகர் வழியாகச் சத்தியமங்கலம் போகிறீர்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். மலை இறங்கும்போது கனமான சக்கரத்தை அடக்க வேண்டியது அந்தப் பிரேக்தான். பளபளக்கும் ரிம் அங்கே உதவாது. தேயாத டயரும், சரியான காற்றும், கீழ் கியரும்தான் உதவும்.

அப்படியும் ஆசை விடவில்லையா?

உங்கள் காரின் மேல்தர மாடலுக்குக் கம்பெனியே போடும் அளவோடு நில்லுங்கள். வெளிவட்டம் மாறக் கூடாது. 185/65 ஆர் 15 இருந்த இடத்தில் 195/65 ஆர் 15 போட்டால் வட்டம் 2 சதவீதம் பெரிதாகும். முள் 100 காட்டும்போது வண்டி 102-ல் போகும். கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. இன்சூரன்ஸ் கேட்கும்போது அது தொல்லையாகலாம்.

பளு எண்ணையும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்த எண் வேண்டாம். டயர் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கிறது: 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். ஸ்டெப்னி எந்த அளவு என்பதையும் மறக்காதீர்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் டயரின் வரிப்பள்ளத்தைப் பாருங்கள். 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்த டயர் ஓட்டத் தகுதியற்றது. கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பழைய டயரோடு புது ரிம் வேண்டாம். பழைய ரிம்மிலேயே நான்கு புது டயர் போடுங்கள். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்தான். ஊரில் காத்திருப்பவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.