தச்சுப்பட்டறையும் கணக்கேடும்

தச்சு மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. நாசரேத்தில் நம் ஆண்டவர் தம் கைகளாற் பயின்ற தொழிலும் அதுவே. ஐவரும் அறுவரும் கூடி நாற்காலியும் மேசையும் கட்டிலும் அலமாரியும் செய்யும் சிறு பட்டறைகளை நாம் வீதிகளில் நாடோறும் காண்கிறோம். ஆங்கு இழைப்புளியின் ஓசை ஓயாதிருப்பின், "இப்பட்டறை நன்கு நடைபெறுகிறது" என்று கூறுகிறோம். ஆயினும், வேலை மிகுதலும் வருவாய் மிகுதலும் ஒன்றல்ல. வேலை நிறைந்த பட்டறையும் கடன் மிகுந்து மூடப்படுவதுண்டு. அதற்குக் காரணமும் அதனை நீக்கும் வழியும் யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற் காரணம் விலை குறிப்பதிலுள்ள பிழை. மரத்தின் விலையையும் ஆட்கூலியையும் கூட்டி, அதன்மேற் சிறிது வைத்து விலை சொல்லுவார் பலர். தம் உழைப்பின் கூலி, வாடகை, மின்சாரம், கருவிகளின் தேய்வு, வட்டி ஆகியவை அக்கணக்கில் ஏறுவதில்லை. அடக்கவிலைக்குக் குறைத்து விற்பார்க்கு வேலை மிகுந்தால் நட்டமே மிகும். ஆதலின், பட்டறையின் நிலையை அறிய விரும்புவோர் செவியை நம்பாது கணக்கேட்டை நம்புதல் வேண்டும். அதில் நான்கு செய்திகளை எழுதிவரின் போதும்.

முதலாவது, மரம். 100 கன அடி மரம் வாங்கினோம். செய்த பொருள்களில் 60 கன அடியே சேர்ந்தது எனக் கொள்வோம். எஞ்சிய 40 தூளும் சீவலும் துண்டுமாய்க் கழிந்தது. அறுக்குமுன் உறுப்புக்களின் அளவுகளையெல்லாம் எழுதிக்கொண்டு, நீண்டவற்றை முன்னும் குறியவற்றைப் பின்னும் எடுத்தால், 60 என்பது 66 ஆகலாம். அப்பொழுது அதே பொருள்களுக்கு ஏறத்தாழ 91 கன அடி மரமே போதும். மிஞ்சிய 9 கன அடியின் விலை, எவர் கூலியையும் குறைக்காது பெற்ற இலாபமாகும்.

இரண்டாவது, பழுதென்று திரும்பிவரும் பொருள். எத்தனை வந்தன, எதனால் வந்தன என்று குறித்தல் வேண்டும். ஈரமே பலவற்றிற்குக் காரணமாதல் அப்பொழுது விளங்கும். மரத்தின் ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 30 பங்கு அளவிற்குக் குறைந்தபின், அது சுருங்கத் தொடங்குகிறது. நீளத்திற் சுருங்குவது மிகச் சிறிது, அகலத்திலோ மிகுதி. ஆகவே ஈரமரத்திற் செய்த கதவு கோணும், பலகை பிளக்கும், மூட்டுக்கள் தளரும். வீட்டினுள் வைக்கும் பொருளுக்கு ஏறத்தாழ 12 பங்குவரை உலர்ந்த மரம் ஏற்றது. கையடக்கமான ஈரமானியைக்கொண்டு இதனை எளிதில் அறியலாம்.

மூன்றாவது, காலம். ஒரு நாற்காலி முடிய எத்தனை மணி ஆயிற்று? அவற்றுள் கை உழைத்தது எத்தனை? கருவியைத் தேடியும் மரத்திற்குக் காத்தும் கழிந்தது எத்தனை? ஜப்பானில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையிற் பணிபுரிந்த தாயிச்சி ஓனோ என்பார் வீண்செயல்களை ஏழு வகையாகப் பகுத்தார். காத்திருத்தலும் தேவைக்குமேற் செய்தலும் அவற்றுட் சேர்ந்தவை. கருவிக்கு ஓரிடம் குறித்தலும், அடிக்கடி செய்யும் நாற்காலிக் காலுக்கு மாதிரிப் பலகை ஒன்று வெட்டிவைத்தலும் பெருஞ் செலவில்லாச் சீர்திருத்தங்கள்.

நான்காவது, வரவேண்டிய பணம். பொருளை வாங்கிய நிறுவனம் பணத்தைத் தாமதித்தால், பட்டறை கடன் வாங்கியே அடுத்த மரத்தை வாங்கும். பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்கு உரிய பணத்தை, உடன்படிக்கை எவ்வாறிருப்பினும், 45 நாளுக்குமேல் நிறுத்திவைத்தலாகாது என்று 2006-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விதிக்கிறது. தவறினால் வட்டியும் உண்டு. பொருள் கொடுத்த நாளை எழுதிவைப்பவரே இவ்வுரிமையைக் கேட்க வல்லர்.

கூலியைக் குறைப்பதே சிக்கனம் என்பார் உளர். கைதேர்ந்த தச்சர் விலகுவாராயின் அவர் பல்லாண்டு பயின்ற திறமும் அவரோடே போம். குறைக்கத்தக்கது வீணே, கூலியன்று. பட்டறையிற் கிடைக்கும் வருவாய் குடும்பத்திற்குப் போதாதாயின், தச்சர் தம் மைந்தர் கையில் உளியைக் கொடுக்க எங்ஙனம் மனம் ஒருப்படுவர்?

கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று உவமை கூறியவர், தச்சர் என்று அழைக்கப்பட்ட நம் ஆண்டவரே. நாற்காலி செய்வோர்க்கும் அது பொருந்தும். கணக்கு உழைப்பிற்குப் பகையன்று. உழைப்பின் பயன் உழைத்தார்க்கே சேருமாறு காக்கும் காவலாம்.