புகை உறிஞ்சும் மெசின் வாங்கினால் மட்டும் போதுமா?

கல்குடாத் தொகுதியில் வீடு கட்டுபவர்கள் கேற்றுக்கும் ஜன்னல் கிறிலுக்கும் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கமுள்ள வெல்டிங் பட்டறைகளையே நாடுகிறார்கள். கடற்காற்றில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. பைப்பையும், வசதியுள்ளோர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் கேட்கிறார்கள். பட்டறைக்கு நல்ல வருமானம்தான். ஆனால் இவை இரண்டின் புகையும் பொல்லாதது.

ஜீ.ஐ. பைப்பை ஒட்டினால் துத்தநாகப் புகை எழும். பகலில் அதைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் உடல் நோவும் வரும். ஓரிரு நாளில் மாறிவிடுவதால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறோம். பால் குடித்தால் சரி என்பார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவதோ நுரையீரலுக்கு! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல், சாதாரண இரும்பு உட்பட எல்லா வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது.

இதற்காகக் கூரைக்குக் கீழே எக்ஸோஸ்ட் பேன் பூட்டுவோர் உண்டு. புகை அங்கு போய்ச் சேருமுன் வேலை செய்பவரின் முகத்தைத் தாண்டித்தானே போகிறது! வேலை நடக்கும் இடத்திலேயே புகையைப் பிடிக்கும் உறிஞ்சு குழாய்தான் பலன் தரும். அதிலும் தூரம் முக்கியம். 6 அங்குலக் குழாயின் வாயிலிருந்து 6 அங்குலம் தள்ளிப் போனாலே இழுவை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே ஒட்டு நகர நகரக் குழாயின் வாயையும் நகர்த்த வேண்டும். ஒட்டுக்கும் குழாய்க்கும் நடுவே தலையை நீட்டக்கூடாது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒட்டும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் புகை குழாய்க்குள் போகாவிட்டால் வெல்டிங் புகையும் போகாது.

மேலும் சில விடயங்களைக் கவனியுங்கள்:

- உறிஞ்சிய புகையைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ, மீண்டும் பட்டறைக்குள்ளோ விடாதீர்கள்.
- வடிகட்டி அடைபட்டால் மெசின் சத்தம் போடும், இழுக்காது. மின்சாரத்தை நிறுத்தி, முகமூடி அணிந்து கழற்றுங்கள். காற்றடித்துத் துப்புரவு செய்தால் தூசு முழுவதும் திரும்ப உங்களிடமே வரும்.
- கிரைண்டர் தீப்பொறியும் தின்னர் ஆவியும் ஒரே குழாயில் போனால் தீப்பிடிக்கும்.
- ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முன்கூட்டியே தேய்த்து எடுத்தால் புகை குறையும். தேய்க்கும்போதும் முகமூடி வேண்டும்.
- துணியும் சாதாரண மாஸ்க்கும் இந்தப் புகையைத் தடுக்காது. என்95 தரத்திலாவது வாங்கிக் கொடுங்கள்.

வேலைத்தளத்தின் தூசையும் புகையையும் அகற்றும் பொறுப்பை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உரிமையாளர் மீதே வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, வியாபாரக் கணக்கையும் பாருங்கள். மெசின் பழுதானால் வேறொன்று வாங்கலாம். பத்து வருடம் பழக்கியெடுத்த கைதேர்ந்த பாஸ் ஒருவரின் நுரையீரல் பழுதானால், அதை எந்தக் கடையில் வாங்குவது?